நான் மாற்றிக் கேட்ட கேள்வி

என் தங்கையின் கலியாணத்தைக் குழப்பியவள் நான்தான். மாப்பிள்ளை வீட்டார் அல்ல, விதி அல்ல, ஊர்க்கண்ணும் அல்ல. நான்!

இதோ, எழுதிவிட்டேன். பதினொரு வருடங்களாக ஒருவருக்கும் சொல்லாததை முகம் தெரியாத உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி நிறுத்தமாட்டேன். நிறுத்தினால் மறுபடியும் மறைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

என் தங்கை ஜெசிந்தாவுக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த காய்ச்சலோடு போன காது. எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் அவளுக்கு முறையாகச் சைகை சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஆகவே நானும் அவளும் எங்களுக்கென்று ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டோம். மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. பின்னலை இழுத்தால் நான். தாடியைத் தடவினால் பங்குச் சுவாமி, எங்கள் கோயில் பாதிரியார். அம்மாவுக்கு அதில் சாப்பாடு, தூக்கம், வா, போ... இவ்வளவுதான் விளங்கும். மற்ற எல்லாம் என் வழியாகத்தான் போகவேண்டும், என் வழியாகத்தான் வரவேண்டும்.

நீங்கள் எப்போதாவது இன்னொருவருடைய வாயாக இருந்திருக்கிறீர்களா? ஐயோ, அதில்தான் எத்தனை பெருமை! ஆஸ்பத்திரியில், கோயிலில், மீன் வாடியில்... எங்கே போனாலும் "அக்காவைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். தனியாக நின்றால் நான் யார்? முப்பது வயதாகியும் கட்டாமல் இருந்தவள், இரண்டு சம்பந்தம் தட்டிப்போனவள், ஊரில் பேர்போன வாய்க்காரி. ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் நான் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது!

அப்போதுதான் அன்ரன் வந்தான். முருங்கன் ஊர்க்காரன். ஐஸ் போட்ட மீன் ஏற்றும் கூலர் வாகனம் ஓட்டுபவன். விடிந்தால் எங்கள் கரைக்கு மீன் எடுக்க வருவான். நாங்கள் கருவாடு காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் வாகனத்தை நிறுத்துவான். ஜெசிந்தா அவனுக்குப் பெயர் வைத்துவிட்டாள். இரண்டு கைகளாலும் வாகனம் திருப்புவதுபோலக் காட்டினால் அன்ரன்.

நல்ல பொடியன். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கேளுங்கள், அவன் செய்த ஒரே குற்றம் எங்கள் கைப்பேச்சைப் படித்ததுதான்! முதலில் மீன், பிறகு கடல், பிறகு சிரிப்பு... ஒவ்வொன்றாக, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளைப் பார்த்தே படித்தான்.

ஒரு நாள் காலை அவன் ஏதோ கையால் காட்டினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை, விடு என்று அவள் கையை வீசினாள். என் வாழ்நாளில் முதல்முறையாக அவளுடைய பேச்சுக்கு வெளியே நான் நின்றேன். கருவாட்டுப் பாயை உதறிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவ்வளவு கோபம்!

ஒரு மாதத்தில் அவனுடைய மாமி சம்பந்தம் பேச வந்தா. அம்மா கண் கலங்கிப் போனா. "கதைக்கேலாத பிள்ளைக்கும் ஆண்டவர் ஒரு வழி விட்டிருக்கிறார்," என்று வந்தவர்களுக்கு இரண்டு தரம் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தா. ஜெசிந்தாவைக் கேட்கவே வேண்டாம்! என் பின்னலை இழுத்தாள், வாகனத்தைத் திருப்பினாள், நெஞ்சில் கை வைத்தாள், முற்றம் முழுக்கச் சுற்றினாள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. அதற்கும் முன்பு சுவாமி பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே கூப்பிட்டு, சம்மதம்தானா என்று கேட்பார். வீட்டார் வெளியே நிற்கவேண்டும். அம்மா சுவாமி இருக்கும் பங்குமனையின் வாசலில் நின்றா. ஜெசிந்தாவோடு உள்ளே போகக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

சுவாமி நல்ல மனிதர். கதிரையை அவளுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தக் கலியாணத்துக்கு மனதார விரும்பித்தான் சம்மதிக்கிறாவோ, ஆராவது வற்புறுத்தினவையோ எண்டு கேளுங்கோ பிள்ளை."

நான் அவள் பக்கம் திரும்பினேன். மூக்குத்தியைத் தொட்டேன். வெறும் வீட்டைக் காட்டினேன். கண்ணீர் வடிவதைக் காட்டினேன். அம்மாவைத் தனியே அழவிட்டுப் போக உனக்கு மனம் வருகிறதா?

ஜெசிந்தா திகைத்துப் போனாள். பிறகு இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பார்த்தீர்களா? அவளுடைய பதிலில் நான் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. கேள்வியைத்தான் மாற்றினேன்! அவள் தலையாட்டியதையும் அழுததையும் சுவாமி தன் கண்ணாலேயே கண்டார்.

"என்ன சொல்லுறா?"

"விருப்பமில்லையாம் சுவாமி. வீட்டுக்காகத்தான் ஓமெண்டு சொன்னவாம்."

சுவாமி கதிரையை விட்டு எழும்பினார். "அப்ப நான் ஓலை வாசிக்கமாட்டன். அழுகிற பிள்ளையைக் கட்டிக்குடுத்த பாவம் எங்களுக்கு வேண்டாம்," என்றார். அவர் செய்தது சரி. அவருடைய கடமையை அவர் செய்தார்.

சுவாமியே சொன்னதால் அம்மாவும் நம்பிவிட்டா. ஜெசிந்தாவுக்கு ஒரு காரணம் சொல்லவேண்டாமா? அதையும் திரும்பி வரும் வழியிலேயே சொன்னேன். வாகனத்தைத் திருப்பினேன், தாலி கட்டுவதைக் காட்டினேன், தூரத்தைக் காட்டினேன். அவனுக்கு வேறிடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள்! அவள் நடுவீதியில் நின்றுவிட்டாள். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

மூன்றாம் நாள் அன்ரன் கரையில் அவள் முன்னால் வந்து நின்றான். தன் நெஞ்சைத் தொட்டான், இரண்டு கைகளையும் விரித்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் என்னைப் பார்த்தான்.

"அக்கா, நான் என்ன பிழை விட்டனான் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

நான் அவளிடம் கேட்டேன். அவனைப் போகச் சொல்லவா என்று கேட்டேன். அவள் ஓம் என்று தலையசைத்தாள்.

"ஒண்டுமில்லையாம். உங்களைப் போகட்டாம்," என்றேன்.

அவன் போனான். அதன் பிறகு எங்கள் கரைக்கு மீனெடுக்க வரவேயில்லை. இப்போது கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகளாம்.

பொறாமை என்று நினைக்கிறீர்களா? எனக்கு முதல் அவள் கட்டிப் போகிறாளே என்ற எரிச்சலா? அதுவும் கொஞ்சம் இருந்திருக்கும், மறுக்கமாட்டேன். ஆனால் உண்மை அதைவிடக் கேவலமானது. அவளுக்கு நான் தேவைப்படாமல் போவதை என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு தபசு காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கிறேன். அயலோடு சண்டை பிடித்தேன், பூசைக்குப் பிந்தினேன் என்று சில்லறைப் பாவங்களையெல்லாம் ஒப்புவித்தேன். இதை மட்டும் முழுங்கிக்கொண்டு எழும்பி வந்தேன்.

பின்னே இப்போது ஏன் இந்தப் பரபரப்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்!

சில மாதங்களுக்கு முன் பக்கத்து ஊரான கீரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் காது கேட்காது. ஜெசிந்தாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு மன்னார் டவுனில் நடக்கும் சைகை மொழி வகுப்புக்குக் கூட்டிப் போனாள். ஐயோ, என் தங்கையை நீங்கள் இப்போது பார்க்கவேண்டும்! கைகள் பறக்கின்றன! போனைச் சுவரில் சாத்தி வைத்துக்கொண்டு வீடியோவில் யார் யாரோடோ கதைக்கிறாள், சண்டை பிடிக்கிறாள், பகிடி விடுகிறாள். முப்பத்தாறு வயதில் அவளுக்கு வாய் முளைத்திருக்கிறது! எனக்கும் படிப்பிக்கிறாள். பிழையாகக் காட்டினால் புறங்கையில் ஒரு அடி. சந்தோசமாக இருக்கிறது... சத்தியமாக, எனக்கும் தலைகால் புரியாத சந்தோசம்தான். அதே நேரம் பயமாகவும் இருக்கிறது.

ஏனென்றால் எங்கள் பழைய கைப்பேச்சில் ஒரு சொல் இல்லவே இல்லை. என்ன, யார், எங்கே எல்லாம் இருந்தது. 'ஏன்' இல்லை. வேண்டுமென்றா அதை உண்டாக்காமல் விட்டேன்? சிறுபிள்ளையில் அவ்வளவு சூது எனக்கு இருந்திராது. வளர்ந்த பிறகும் உண்டாக்கவில்லையே, அதற்கு என்ன சொல்வேன்?

வகுப்பில் அதைப் படித்துவிட்டாள். புருவத்தை உயர்த்தி, கையால் ஒரு சின்ன அசைவு. இரண்டு கிழமையாக அதே வேலை! திரும்பி வராமல் போன அன்றைக்கு அப்பா ஏன் கடலுக்குப் போனார்? பக்கத்து வீட்டுக்காரி ஏன் நம்மோடு கதைப்பதில்லை? அம்மா ஏன் ஒரு கண்ணுக்கு மட்டும் ஒப்பரேசன் செய்தா? தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னேன்.

நேற்றுப் பூசை முடிந்து வந்ததும் என்னைக் கதிரையில் இருத்தினாள். இரண்டு கைகளாலும் வாகனத்தைத் திருப்பினாள். புருவத்தை உயர்த்தினாள்.

அன்ரன்... ஏன்?

'நான்' என்று சொல்வதற்கு எந்த வகுப்புக்கும் போகத் தேவையில்லை. விரலை நெஞ்சில் வைத்தால் போதும், பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என் விரல் எழும்பியது. நெஞ்சுக்கு வரவில்லை. நேரே மேலே போனது. வானத்தைக் காட்டினேன்! ஆண்டவருடைய சித்தம் என்று காட்டினேன்!

அவள் என் விரல் போன பக்கத்தைப் பார்த்தாள். நம்பினாள். முப்பது வருடத்துக்கு மேலாக என்னை நம்பித்தானே அவளுக்குப் பழக்கம்? பிறகு எழுந்து அலுமாரிக்கு மேலே இருக்கும் ஆண்டவர் சுரூபத்தின் முன் போய் நின்றாள். சிலுவை அடையாளம் போட்டாள். புருவத்தை உயர்த்தி, கையை அசைத்து, அவரிடம் கேட்டாள்.

இன்று காலையும் போய்க் கேட்டாள். நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தேன்.