அரைப் பேர்

தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். குறித்த அளவு கொழுந்து எடுத்து முழு நாளும் நின்றால் முழுப் பேர், இல்லாவிட்டால் அரைப் பேர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு விழுந்த ஓர் அரைப் பேரைச் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நிறைமாதமாக இருந்தேன். மத்தியான நிறுவைக்கு முன்பே வலி பிடித்துவிட்டது. மலையை விட்டு இறங்க விடும்படி, பேர் போடும் கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சினேன். கொழுந்தை நிறுவை போட்டுவிட்டுப் போ என்றார். கூடையோடு வரிசையில் நின்றேன். பிறகு கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பாதி வழியில் பிறந்த பெண்பிள்ளை அழவே இல்லை. மாதம் முடிந்து பார்த்தால் அந்த நாளுக்கு அரைப் பேர். என் புருஷன் போய்க் கேட்டார்.

"அர நாளு வேலைக்கு அரப் பேரு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாராம் கணக்கப்பிள்ளை.

சில வருஷங்களில் அதே மனிதர் எங்கள் ஓட்டில் பிரதேச சபை உறுப்பினரானார். என் ஓட்டும் அதில் உண்டு. வேறு தமிழ் ஆள் நிற்கவில்லை. நானும் அந்த நேரத்தில் சபை அலுவலகத்தில் கூட்டித் துடைக்கவும் தேத்தண்ணி ஊற்றவும் சேர்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தது சிங்களப் பள்ளிக்கூடம் மட்டும் என்பதால் எட்டாம் வகுப்பு வரை அங்கே படித்தவள் நான். அந்தப் படிப்பைப் பார்த்துக் கொடுத்த வேலை.

கூட்டத்துக்கு வரும் உறுப்பினருக்குப் படிப்பணம் உண்டு. இவர் வருவார், புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், தேத்தண்ணி குடிப்பார், பேச்சுத் தொடங்குவதற்குள் நழுவிவிடுவார். எங்கள் லயத்து வீடுகளுக்கு வரும் பாதையைப் பற்றிப் பேசிய அன்றும் அவர் கதிரை காலி. படி மட்டும் முழுசாகப் போனது.

ஒருநாள் சபைத் தலைவரான தவிசாளரிடம், இவருக்கும் 'பாக நம' போடுங்கள் சேர் என்றேன். அரைப் பேரை அப்படியே சிங்களத்தில் சொல்லிவிட்டேன். டவுனில் பிறந்த அந்தச் சிங்கள மனிதர் புத்தகத்தைப் புரட்டி, கையெழுத்து முழுசாகத்தானே இருக்கிறது, பாதிப் பெயரா எழுதுகிறார் என்று கேட்டார். தோட்டத்துக் கணக்கை விளக்கிச் சொன்னேன். அவர் கணக்கப்பிள்ளைக்கு எதிர்க்கட்சி. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எழுதுவினைஞரைக் கூப்பிட்டார்.

அடுத்த கூட்டக் கடிதத்தில் புது விதி வந்தது. முடிவிலும் ஒரு கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் வராத கணக்கு. தொடர்ந்து மூன்று கூட்டம் வராவிட்டால் பதவி போகும் என்பது முன்பே உள்ள சட்டம்.

நம்மவர் சிங்களம் பேசுவதில் பொளந்து கட்டுவார், வாசிக்கத் தெரியாது. சபையின் சிங்களக் கடிதம் எல்லாவற்றையும் என்னிடம்தான் நீட்டுவார். அன்றும் நீட்டினார்.

"கூட்டம் வர்ற செவ்வாக்கெழமைங்க ஐயா, காலைல" என்றேன்.

அவ்வளவுதான். மற்றதை மடித்துக் கொடுத்துவிட்டேன். நான் சொன்னதில் பொய் இல்லை, பாதி இருந்தது. மூன்று கூட்டத்திலும் எல்லாருக்கும் முன்னால் அவருக்கே தேத்தண்ணி கொடுத்தேன், சீனி தூக்கலாகப் போட்டு. அவசரமாகப் போகவேண்டியவர் அல்லவா.

பதவி பறிபோன கடிதத்தையும் என்னிடமே கொண்டுவந்தார். அதை ஒரு வரி விடாமல் வாசித்தேன். புரியாததுபோல் நின்றார், இன்னொரு தரமும் வாசித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. புது விதியை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டார். லொறியில் செத்த என் பிள்ளைக்காக என்றேன்.

"எந்தப் புள்ள?" என்றார்.

நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை.

அவர் இடத்துக்கு டவுன் முதலாளி ஒருவர் வந்தார். எங்கள் பாதை சேறாகவே கிடந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நம்மவர் மாகாண அமைச்சர் ஒருவருக்கு இணைப்புச் செயலாளராகிவிட்டார். படியைவிடப் பெரிய சம்பளம், ஜீப், பெட்ரோல், போன், எல்லாம் அரசாங்கச் செலவு. சபை வாசலில் ஹோர்ன் அடித்து எனக்குக் கையும் காட்டினார்.

அந்த வேலைக்கு எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று எழுதுவினைஞரைக் கேட்டேன். அதற்குப் புத்தகமே கிடையாது என்றார்.