மூன்று குரலில் ஒரு காதல் பாட்டு

லண்டனில், வெம்பிளியில் ஒரு கேசட் கடையில் நிற்கிறேன். நாளை ஊருக்கு விமானம். அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான 'கன்ட்ரி' காதல் பாட்டு ஒன்றின் முதல் வரியைச் சீட்டில் எழுதி, வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள் மனைவி. மனைவி கேட்டது என்று சீட்டை நீட்டியதும், கடைக்கார யாழ்ப்பாணத்துப் பெண் மூன்று கேசட்டுகளைப் போட்டுக் காட்டுகிறார். முதலில் ஆண் குரல், அடுத்து பெண் குரல், மூன்றாவதில் யாரோ டிஸ்கோ அடியோடு. எனக்குக் குப்பென்று வியர்க்கிறது. நம்மூரில் பாட்டு அதே, குரல் வேறு என்றால் அது டூப்ளிகேட் கேசட்.

"இதுல ஒரிஜினல் எதும்மா?" என்று துப்பறிவாளன் போலக் குரலைத் தாழ்த்துகிறேன்.

"மூண்டும் ஒரிஜினல்தான் அண்ணை. இஞ்ச ஒரு பாட்டை எத்தினை பேரும் பாடுவினம். அக்கா கேட்டது ஆம்பிளைக் குரலோ, பொம்பிளைக் குரலோ?"

ரேடியோவில் அது வரும்போதெல்லாம் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. தப்பானதைக் கொண்டுபோனால் குட்டு உடைந்துவிடும்.

"மூணையும் குடுத்துடுங்க."

பையில் போட்டபடியே சிரிக்கிறார். "ஒரே காதல் பாட்டு மூண்டோ? மற்ற ரெண்டும் ஆருக்கெண்டு அக்கா கேக்க மாட்டாவோ, அண்ணை?"

கடை வாசலில் நின்று பதில் யோசிக்கிறேன். நான் நிரபராதிதான். ஆனாலும் யோசிக்க யோசிக்க எனக்கே என் மேல் சந்தேகம் வருகிறது.