முறுக்கு பாக்கெட்டின் உயரம்

விக்ரோலியில் நான் வேலை பார்க்கும் குடோனுக்குப் புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் முதல் பாக்கெட் என் மேஜைக்குத்தான் வரும். அடியில் தராசும் ஓரங்களில் அளவுகோலும் வைத்த ஒரு தட்டு என்னிடம் இருக்கிறது. நீளம், அகலம், உயரம், எடை. நாலையும் கம்ப்யூட்டரில் போட்டால், எந்த ரேக்கில் வைப்பது, அந்த ரேக்கின் ஒரு அறையில் எத்தனை பாக்கெட் அடுக்குவது, எந்தப் பையில் போட்டு அனுப்புவது என்று எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். குடோனில் அத்தனை பேரும் அது சொல்கிறபடிதான் நடப்பார்கள். அதற்குச் சொல்லிக் கொடுப்பவள் நான் என்கிற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

மெத்தென்ற பாக்கெட்டுகளுக்கு ஒரு விதி இருக்கிறது: அமுக்கக் கூடாது. படுக்க வைத்து, எங்கே அதிகம் உப்பியிருக்கிறதோ அந்த இடத்து உயரத்தைத்தான் எழுத வேண்டும். உருளைக்கிழங்கு வேஃபர் விற்கிற ஒருவர், "தோடா தபாவ் நா, மேடம்", கொஞ்சம் அமுக்குங்களேன் என்று கெஞ்சினார். அமுக்கிப் பார்க்க இது தலையணை இல்லை என்று இந்தியிலேயே சொல்லி அனுப்பினேன். அவ்வளவு கறார்.

அப்படிப்பட்டவள்தான் மதினியின் பாக்கெட்டை அமுக்கினேன்.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. தாராவியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு. கைமுறுக்கு சுற்றுவார். மாட்டுங்கா கல்யாண வீடுகளுக்கு டின் டின்னாகப் போகும். வாயில் போட்டால் கரைகிற முறுக்கு, பக்கத்தில் சத்தமாகப் பேசினாலே உடைந்துவிடும் என்று நான் கேலி செய்வேன். கல்யாண சீசன் முடிந்தால் அடுப்பு சும்மா கிடக்கும். பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே சாமான் கொண்டுவரும் எங்கள் கம்பெனி ஆப்பில் முறுக்கையும் சேர்த்துவிடலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். உடையாமல் இருக்க பாக்கெட்டுக்குள் காற்று அடைத்து சீல் வைக்கும் மெஷின் ஒன்றை மதினி வாங்கினார். முதல் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து அனுப்பினார்.

அந்தக் காற்றுதான் காலை வாரியது. எங்கள் குடோனில் சின்னப் பொருள்களுக்கு என்று ஓர் உயர வரம்பு உண்டு. பாக்கெட் அதைத் தாண்டி உப்பி நின்றது. தாண்டியதை பிவண்டி குடோனுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே போனால் நாலு நாள் கழித்துத்தான் டெலிவரி. முறுக்குக்காக யார் நாலு நாள் காத்திருப்பார்கள்? சுற்றுமுற்றும் பார்த்தேன். உள்ளங்கையால் லேசாக அமுக்கினேன். காற்று ஓரத்துக்கு ஒதுங்கியது, உயரம் வரம்புக்குள் வந்தது. எண்டர் தட்டினேன். ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மிதப்பில் சயான் வரைக்கும் ரயிலில் சிரித்த முகமாக வந்தேன்.

நான் கையை எடுத்ததும் பாக்கெட் பழையபடி உப்பிக்கொண்டது. கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? பத்து பாக்கெட் கொள்ளும் அறையில் பதினைந்து வை என்றது. அடுக்குகிறவர் கொள்ளவில்லை என்றார். ஸ்கிரீன் கொள்ளும் என்றது. அவர் முழங்கையால் திணித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறுபடி அளக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் போதும். ஆனால் முதலில் தப்பாக அளந்தது யார் என்று கேள்வி வரும், பொருள் யாருடையது என்றும் வரும். வேலை போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

வாங்கியவர்கள் வீட்டில் எல்லாம் பாக்கெட்டைப் பிரித்தால் பொடியாகக் கொட்டியிருக்கிறது. போட்டோ பிடித்துப் போட்டார்கள். கொஞ்ச நாளில் ஆப்பிலிருந்து முறுக்கைத் தூக்கிவிட்டார்கள். மிச்சப் பெட்டிகள் தாராவிக்கே திரும்பி வந்தன.

மதினி பொடியை உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார். "மாவுலதான் ஏதோ கோளாறு" என்றார். அரிசியை மாற்றினார். மில்காரரிடம் சண்டைக்குப் போனார். கடைசியில் வெண்ணெயைக் குறைத்தார், குறைத்தால் உடையாது என்று. உண்மைதான், உடையவில்லை. கடிக்கவும் முடியவில்லை. வழக்கமாக வாங்கும் மாட்டுங்கா வீட்டு அம்மா ஒருவர் போன் பண்ணி, "என்ன, இந்தத் தடவை கல்லாட்டம் இருக்கே?" என்று கேட்டார். அதோடு அந்த வீட்டு ஆர்டரும் நின்றது.

"கைப்பக்குவம் போயிட்டுல. வயசாகுதுல்லா" என்று மதினி தன் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "நீயும் அக்காவுக்கு ஒரு வழி பண்ணிக் கொடுக்கத்தான் பாத்த. அவளுக்குக் குடுத்துவைக்கல" என்றார். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதினி ஒரு தட்டில் முறுக்கோடு வந்தார். "கடிச்சுப் பாருட்டி. முகத்துக்காகச் சொல்லாத, உள்ளதைச் சொல்லு."

கடித்தேன். பல் வலித்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மாவுல ஒண்ணும் இல்ல மதினி. எல்லாம் நான் பண்ணுனது" என்று ஆரம்பித்து, அமுக்கியது, முழங்கையால் திணித்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்தது, பயந்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கத்துவார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மதினி கேட்டது வேறு.

"அப்போ பழைய வெண்ணெய்க் கணக்கு சரிதானா?"

"சரிதான், மதினி."

"மாவும்?"

"மாவும்."

முறுக்குத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "நல்லது நெனச்சுத்தான அமுக்குன. அது போட்டும்" என்றார். "ஆனா இத்தன நாளும் இந்தக் கைய நானே கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேன். நடுவுல ஒரு செவுருதானட்டி. கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.