பனிக்குள் கேட்ட ஃபேக்டரிச் சங்கு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். மறதியும் உண்டு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு மேலே உள்ள மலை உச்சியில் ஒரு சிலுவை இருக்கிறது. தவக்காலத்தில் நானும் என் மகனுடைய மாமியாரும் அங்கே ஜெபிக்க ஏறினோம். ஏறும்போது நல்ல வெயில். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் ஒரே பனிமூட்டம். எதிரே இருந்த சிலுவைகூடத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஃபேக்டரிச் சங்கு ஊதியது. கொழுந்து பறித்த காலமெல்லாம் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பனிக்குள் வீடு திரும்புவோம். அதனால் சத்தம் வந்த பக்கமே இறங்கினேன்.

“ஏனுங்க சம்பந்தி, கண்ணே தெரியல, காதை நம்பி எங்க போறீங்க?”

“நம்ம சங்குதானுங்க. நீங்க டவுன்காரங்க, உங்களுக்குத் தெரியாது. பேசாம வாங்க” என்றேன்.

நாலு எட்டுதான் வைத்திருப்பேன். காலுக்குக் கீழே மண் இல்லை. சம்பந்தி என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்ததில் இருவரும் பின்னால் விழுந்தோம். என் கால் பட்டு உருண்ட கல், வெகு ஆழத்தில் போய் விழுந்தது.

“நீங்க போயிட்டா, நாந்தான் தள்ளிவுட்டேன்னு ஊரே பேசுமுங்க!” என்று அழுதுகொண்டே திட்டினார்.

பனி விலகும்வரை ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம். விலகியதும் பார்த்தால், எங்கள் ஃபேக்டரி முதுகுப் பக்கம் இருக்கிறது. முன்னால் செங்குத்தான பள்ளம்.

இப்போதெல்லாம் பனி இறங்கினால், எந்தச் சத்தம் கேட்டாலும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். பனிக்குள் சத்தம் திசை மாறிக் கேட்குமா, இல்லை அது வேறு ஃபேக்டரியின் சங்கா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.