புதுச்சத்திரம் தாண்டிய வண்டி

கடலூரில் நான் வேலை பார்க்கும் லாரி சர்வீஸ் ஆபீசில் ஒரு சம்பிரதாயம் உண்டு. சிதம்பரத்துக் கடைக்காரர் யாராவது போன் போட்டு "சரக்கு எங்கய்யா?" என்று கத்தினால், "புதுச்சத்திரம் தாண்டிடுச்சு சார், அரை மணியில வந்துடும்" என்று சொல்ல வேண்டும். வண்டி எங்கள் குடோன் வாசலிலேயே நிற்கும். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். சிதம்பரத்தில் வீட்டுக்கு வந்தாலும் போன் விடாது. சோற்றில் கை வைத்தபடி, தங்கை காதுபடவே அதையே சொல்வேன்.

தங்கை மகளுக்குச் சிதம்பரத்தில் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் நான், குழந்தை என் மடியில்தான் உட்கார வேண்டும். லீவு கேட்டேன். "அன்னைக்கு மன அழுத்தம் குறைக்கிற கிளாஸ் இருக்கு. வரலைன்னா விளக்கம் எழுதிக் குடுக்கணும்" என்றார் மேனேஜர். அடப்பாவிகளா!

கிளாசில் கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தோம். மேசையெல்லாம் போன் அலறியது. கண்ணைத் திறக்காமலே மேனேஜர், "அதை எவனாவது எடுங்கய்யா!" என்று கத்தினார்.

முடிந்ததும் ஓடிப்போய் பஸ் ஏறினேன். வழியில் தங்கை கூப்பிட்டாள்.

"எங்கண்ணே இருக்க? நல்ல நேரம் முடியப்போவுது!"

"புதுச்சத்திரம் தாண்டிட்டேன்மா, அரை மணியில வந்துடுவேன்."

சத்தியமாகத் தாண்டியிருந்தேன். ஊர்ப் பலகையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அவள் டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

மண்டபத்துக்குள் நுழைந்தால், குழந்தை என் பெரியப்பா மகன் மடியில் வீறிட்டுக்கொண்டிருக்கிறாள். "ஏம்மா, அரை மணி பொறுக்கக் கூடாதா?" என்றேன்.

"புதுச்சத்திரம் தாண்டிட்டேன்னு சொன்னியே! அப்ப நீ ஆபீஸை விட்டே கெளம்பலைன்னு நெனைச்சிட்டேண்ணே. நேரம் போயிடுமேன்னு அவனை உக்கார வெச்சிட்டேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. மேனேஜரைத் திட்டுவதா, என் வாயைத் திட்டுவதா?

காது குத்த வந்த பத்தர்தான் குரல் கொடுத்தார். "ஒரு காதுதான் ஆயிருக்கு. தாய்மாமன் வந்துட்டாரு இல்ல? உக்காருங்க, சட்டுனு."

உட்கார்ந்தேன். ஒரு காதில் வலி கண்ட குழந்தை, மாமா என்று கொஞ்சுமா? உதைத்தாள், கையைக் கடித்தாள். சட்டைப் பையில் போன் அடித்தது, மேனேஜராகத்தான் இருக்கும். என் இரண்டு கையும் அவள் தலையைப் பிடித்திருந்தன. அடிக்கட்டும் என்று விட்டேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் எடுக்காமல் விட்ட முதல் போன் அதுதான்.