உரத்தொட்டியில் ஊற்றிய சுடுதண்ணீர்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். மளிகைச் சீட்டைத் தவிர எதையும் எழுதிப் பழக்கமில்லை. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன்; இதைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் ஓர் உரத்தொட்டி இருக்கிறது. எல்லா வீட்டுக் காய்கறித் தோலும் அதில்தான் விழும். வாரம் இரண்டு நாள் அதைக் கிளறிவிடுவது என் வேலை. தனியாக இருப்பவளுக்கு நேரம் இருக்கும் என்று கட்டடக் கமிட்டியில் முடிவு செய்தார்கள்.

எனக்கும் அதில் விருப்பம்தான். தேவ்னார் குப்பைமேட்டுப் புகை என் ஜன்னல்வரை வரும். நம் வீட்டுத் தோலாவது அங்கே போகாமல் மண்ணாகட்டும் என்று நினைத்தேன்.

நான் கிளறும் நாட்களில் இரண்டாம் மாடி குஜராத்தி அம்மாள் வருவார். ஜைனர். மண்ணைத் தோண்டினால் உயிர்கள் சாகும் என்று உருளைக்கிழங்கைக்கூடச் சேர்க்கமாட்டார். பீர்க்கங்காய்த் தோலைப் போட்டுவிட்டு, மெதுவாகக் கிளறு என்று பக்கத்திலேயே நிற்பார். என்னை ‘பென்’ என்பார். சகோதரி என்று அர்த்தம். என் அரைகுறை இந்திக்குச் சிரிக்கமாட்டார். வாரத்தில் நான் நின்று பேசியது அவரோடு மட்டும்தான்.

இந்த மழைக்காலத்தில் தொட்டியில் வெள்ளைப் புழு பெருகிவிட்டது. உரத்துக்கு நல்லதுதான். ஆனால் படிக்கட்டிலும் இறங்க ஆரம்பித்தது. லிஃப்டில் நாலு பேர் இருக்கும்போது கமிட்டி செக்ரெட்டரி சொன்னார்:

“மேடம், உங்க பிள்ளைங்க என் வீட்டு வாசல்வரைக்கும் வந்துட்டாங்க.”

எனக்குப் பிள்ளை இல்லை. அது அவருக்குத் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன்.

இரண்டாவது பாத்திரத்தை ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் காய்கறித் தோல் இருந்த பையோடு வந்தார். தொட்டிக்குள் பார்த்தார்.

“பூமிக்காகத்தான் செய்யறேன்னு சொன்னியே பென். இதுங்களும் பூமியில சேர்த்தி இல்லையா?”

லிஃப்டில் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அவர் புரிந்துகொண்டிருப்பார். கமிட்டி சொன்னது என்று மட்டும் சொன்னேன். கமிட்டி அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் பையைத் திறக்காமலே இறங்கிப் போனார்.

மறுநாள் காலை நான் பால் வாங்கப் போனபோது, ஸ்டேஷன் பக்கம் பசுவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், பசுவுக்குப் போடச் சொல்லி அந்தப் பையை அவர் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பால் வாங்கிக்கொண்டு வந்து தொட்டியைக் கிளறினேன்.