ஒரே தேதியில் பிறந்த பிள்ளைகள்

அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பார்ப்பது செல்போன் வைத்தியம். பேருந்து நிலையத்தை ஒட்டி ஆறடி அகலக் கடை. கண்ணாடி மேசைக்கடியில் உடைந்த திரைகள், சுவர் நிறைய போன் உறைகள். திரை மாற்றுவதில் அவர் கைக்கு நிகரில்லை என்று எதிர்க்கடைக்காரரே ஒப்புக்கொள்வார். பொறுமைதான் கொஞ்சம் மட்டு.

அதனால் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. பிள்ளைக்குப் போன் வாங்கித் தருகிறவர்கள், "நீங்களே எல்லாத்தையும் போட்டுக் குடுத்துடுங்க டாக்டரே" என்று நீட்டுவார்கள். பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியைப் போட்டால் வேலை இழுக்கும். பெற்றவர்கள் போனிலிருந்து அனுமதி வர வேண்டும். அவர்களோ தங்கள் கடவுச்சொல்லையே மறந்திருப்பார்கள். வெளியே நாலு பேர் வெயிலில் நிற்பார்கள். டாக்டர் தன்னுடைய பிறந்த தேதியைத் தட்டிவிடுவார். யோசிக்காமல் விரலுக்கு வருவது அதுதான். இரண்டே நிமிடம், வேலை முடிந்தது. ஆறு வருடமாக இப்படி எத்தனையோ பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்கள் போனைப் பொறுத்தவரை, அவர் வயதுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அன்று காலை கடை திறந்ததும் தையற்கார அக்கா வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. பின்னால் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், தரையைப் பார்த்தபடி.

"எவனோ இவகிட்ட பேசறான் டாக்டரே. என்னன்னு பாருங்க."

டாக்டர் போனை வாங்கி அந்த ஆள் அனுப்பிய செய்திகளைப் படித்தார். முந்தின நாள் காலை வந்த முதல் வரி: இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். முந்தின நாள் பிறந்தநாள் டாக்டருக்குத்தான்; அவர் போட்ட தேதியைத்தான் செயலி ஊருக்கே காட்டியிருக்கிறது. அடுத்தடுத்த வரிகளில் எந்தப் பள்ளி என்ற கேள்வி, ஒரு போட்டோ அனுப்பு என்ற கெஞ்சல், கடைசியாக, அம்மாவிடம் சொல்லாதே. அந்த இடத்தில்தான் பெண் பயந்துபோய் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள்.

"நேத்து இவளுக்குப் பொறந்தநாளே இல்ல. இவ பொறந்தது அடைமழைல, ஆஸ்பத்திரி வாசல்ல முழங்கால் தண்ணி, அத நான் மறப்பேனா? வயசக் கூட்டிப் போட்டிருக்கா. கேட்டா இல்லவே இல்லங்கறா."

"நான் போடலம்மா."

"வாய மூடு. இன்னியோட போன் பரண்மேல."

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து... சில சமயம் தானாவே மாறிடும் அக்கா."

பெண் முதன்முறையாகத் தலையைத் தூக்கினாள். "தானா எப்படி மாறும் மாமா?"

டாக்டர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார்.

"பாப்பா போடல அக்கா. நான் போட்டது. என்னோட தேதி. சீக்கிரம் முடியுமேன்னு. பெரியவங்க கணக்குன்னா யாரு வேணா செய்தி அனுப்பலாம், அதான் அவன் வந்திருக்கான்."

அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார். "கண்ணாடி ஒடைஞ்சா மாத்திடுவீங்க டாக்டரே. இவளுக்கு ஒண்ணு ஆகியிருந்தா எத மாத்துவீங்க?" மகள் பக்கம் திரும்பி, அவள் தோளில் கை வைத்தார்.

அதைப் பார்க்க டாக்டரால் முடியவில்லை. குனிந்து வேலையைத் தொடங்கினார். வந்த செய்திகளை அழிக்காமல் படம்பிடித்து அக்காவின் போனுக்கு அனுப்பினார், புகார் கொடுக்க வேண்டியிருந்தால் உதவும் என்று. அந்த ஆளைத் தடுத்து, செயலியிலும் புகார் பதிந்தார். புதுக் கணக்குத் திறந்து, தேதியைப் பெண்ணையே போடச் சொன்னார். அதை அம்மாவின் போனோடு இணைக்க முக்கால் மணி நேரம் ஆனது. வந்தவர்களை அப்புறம் வரச் சொன்னார்.

"ராத்திரி எத்தன மணிக்கு மேல போன் ஓடக் கூடாதுன்னு வைக்கட்டும்?" என்று கேட்டார்.

"எட்டு" என்றார் அக்கா.

"ஒம்போது" என்றாள் பெண்.

"எட்டரை. இதுக்கு மேல பேரம் கிடையாது" என்று முடித்தார் அக்கா.

"போனப் பிடுங்கிடாதீங்க அக்கா" என்றார் டாக்டர். "இந்தத் தடவ வந்து சொல்லிட்டா. பிடுங்கினா அடுத்த தடவ சொல்ல மாட்டா." சொல்லி முடித்ததும், இதைச் சொல்ல தனக்கு என்ன யோக்கியதை என்று முகம் சுண்டிப்போனது.

"அத நான் பாத்துக்கறேன். மத்த புள்ளைங்களுக்கும் இதே தேதிதானா?"

அவர் தலையாட்டினார்.

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கூப்பிடுங்க ஒவ்வொருத்தரையா. நான் இங்கதான் இருக்கேன்."

முதலில் போனை எடுத்தவர் லாரி ஓட்டுகிற ஒருவர். "என்ன டாக்டரே, ஏதும் தள்ளுபடியா?"

"இல்லண்ணே. உங்க பையன் போன்ல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்." நடந்ததை முழுதாகச் சொன்னார்.

மறுமுனையில் சிரிப்பு. "அட, இதுக்கா? ஒண்ணும் ஆகாது, விடுங்க டாக்டரே."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. "விட முடியாதுண்ணே" என்றார். "சாயங்காலம் பையனையும் கூட்டிட்டு வாங்க. அவன்கிட்டயும் நானே சொல்லணும்."